நாளைப் போவாரும் விசாவுக்குக் காத்திருந்தவரும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கித் தொடங்குவது வழக்கம். நாம் யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கு அது ஆகாது. மேடையில் யாராவது தன்னைப் புகழத் தொடங்கினால், மெல்ல எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடுவார். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே அவரைப் பற்றி ஒரேயொரு செய்தியை மட்டும் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் அவருக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம். பயணம்.

மாணவர்களுக்குப் பாடத்தில் 'பயண இலக்கியம்' என்று ஒரு பகுதி வருகிறது. அதில் ஏ.கே. செட்டியார் வருவார். வரத்தான் வேண்டும். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்த மனிதர் அவர். அந்த உழைப்பின் மீது நமக்கு மரியாதை உண்டு. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. லண்டன் கண்டவர், ஜப்பான் கண்டவர், அமெரிக்காவில் மூன்று வாரம் இருந்தவர். இந்த வரிசையை நாங்கள் முதுகலை வகுப்பில் படித்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று பயந்தவர்கள் வீட்டில் இருந்தார்களே, அந்தக் காலத்தில் கப்பலில் ஏறியவர்கள் யார்?

கேள்வியை முதலில் சாத்திரத்திடம் கேட்போம். பௌதாயன தர்மசூத்திரம் சாதியிலிருந்து விழச்செய்யும் குற்றங்களைப் பட்டியலிடும்போது கடற்பயணத்தை முதலாவதாக வைக்கிறது. கடல் கடந்தவனைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்களின் வரிசையில் மனுஸ்மிருதி சேர்க்கிறது. இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1888இல் காந்தி லண்டனுக்குப் படிக்கப் போனபோது பம்பாயில் அவருடைய பனியா சாதிக்கூட்டம் அவரைச் சாதிநீக்கம் செய்தது. 1914இல் கணிதமேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் போவதற்கு முன் தாயின் சம்மதத்துக்காக எவ்வளவு தயங்கினார் என்பது அவரது வரலாறு எழுதிய எல்லோரும் சொல்வது. சாதியை வைத்திருந்தவர்களுக்குக் கடல் ஒரு பேரிழப்பாக இருந்தது. நம்மிடம் இழப்பதற்கு அப்படி எதுவும் இல்லை.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகப் போனவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. தமிழில் பயணம் பற்றி எழுதப்பட்ட மிக நீண்ட நூல் அதுதான் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். அதை எழுதியவர் குமாஸ்தா, அதுவும் ஆங்கிலத்தில் என்பது வேறு விஷயம். பக்கத்துக்குப் பக்கம் 'பறையர்' என்ற சொல் வருகிறது. வேறு எந்தப் பயண நூலிலும் அந்தச் சொல் அத்தனை முறை வராது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கூலி டிப்போவில் சாதி கேட்கப்பட்டபோது எல்லோரும் ஊரில் இருந்த சாதியையே சொன்னார்கள் என்று கருத முடியாது. மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருந்த ஒன்றை ஒரு குமாஸ்தாவின் மேஜை முன் ஒரு நொடியில் மாற்றிச் சொல்ல முடிந்த இடம் அந்த டிப்போ. கணவனை இழந்த பெண்களும், கணவனிடமிருந்து ஓடிவந்த பெண்களும் அங்கே இருந்தார்கள். ஆண்களுக்கு இத்தனை விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்று அரசின் விதியும் இருந்தது. இதையெல்லாம் விடுதலைப் பயணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி இருந்தது, நோய் இருந்தது, தற்கொலைகள் இருந்தன. ஆனால் பண்ணையாளின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஐந்து வருடம் என்று எழுதி முடிகிற ஒப்பந்தத்தை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆதனூர் சேரியில் பிறந்தவர், தில்லைக்குப் போக விரும்பியவர், நந்தன். பக்தி நூல்களில் அவருக்குப் பெயர் திருநாளைப்போவார். பெரிய புராணத்தின் அறுபத்து மூவரில் பயணத்தின் பெயரால் அறியப்படுகிறவர் அவர். அதுவும் போன பயணத்தால் அல்ல, போகாமல் தள்ளிக்கொண்டே போன பயணத்தால். 'நாளைக்குப் போகலாம்' என்று ஒவ்வொரு நாளும் சொன்னவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். ஏன் நாளை? இன்றைக்கு ஏன் முடியவில்லை? சேக்கிழார் அதை நந்தனின் தயக்கமாகச் சொல்கிறார். அறுநூறு, எழுநூறு வருடம் கழித்து வந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதில் பண்ணையாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அனுமதி கொடுக்க வேண்டியவர் யார் என்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது. அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் ஒரு படி போய் நந்தனை மன்னன் என்றே எழுதினார். மன்னனுக்கு அனுமதி தேவையில்லை. கதை எப்படி மாறினாலும் தில்லையின் எல்லையில் மூட்டப்பட்ட தீ மட்டும் மாறவில்லை. நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே நுழைய அனுமதி. உலக வரலாற்றில் இதைவிடக் கடுமையான குடியேற்றச் சோதனையை நாங்கள் எங்கும் படித்ததில்லை.

நந்தனுக்குப் பின் இன்னொரு பயணி. 1901ஆம் ஆண்டு, வயது ஒன்பது. சதாராவிலிருந்து அண்ணனோடும் அக்காவின் பிள்ளைகளோடும் ரயிலேறி மசூர் என்ற நிலையத்தில் இறங்குகிறான். கோடை விடுமுறை. பஞ்ச நிவாரண வேலையில் குளம் வெட்டும் இடத்தில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போக வேண்டும். பயணத்துக்காகத் தைத்த புதுச் சட்டை, ஜரிகை வைத்த குல்லா, புதுச் செருப்பு. அப்பாவுக்குப் போட்ட கடிதம் போய்ச் சேரவில்லை. நிலையத்துக்கு யாரும் வரவில்லை. நன்றாக உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி பிரியமாக விசாரிக்கிறார். நீங்கள் யார்? பையன் யோசிக்காமல் சொல்லிவிடுகிறான்: மகர். அந்த ஒரு சொல்லில் அதிகாரியின் முகம் மாறிவிடுகிறது.

வெளியே மாட்டுவண்டிகள் நிற்கின்றன. யாரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒரு பேரம் படிகிறது. இரண்டு மடங்கு வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும். வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான். தீட்டு ஒட்டக் கூடாது, காசு மட்டும் ஒட்டலாம். இரவிலும் பயணம். கூடையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஓடையில் இருந்தது மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த சேறு. சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கும்போது தாங்கள் முஸ்லிம்கள் என்று உருதுவில் சொல்லிப் பார்க்கிறான் பையன். அங்கேயும் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாததால் சாப்பாட்டைத் தொடாமலேயே படுத்துவிட்டு மறுநாள் காலை போய்ச் சேருகிறார்கள்.

அம்பேத்கர் இதைத் தானே எழுதியிருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பது அந்தச் சிறு நூலின் தலைப்பு. தீண்டாமை என்றால் என்னவென்று புரியாத வெளிநாட்டவர்களுக்காக 1930களின் நடுவில் எழுதப்பட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1990இல்தான் தனிநூலாக வெளிவந்தது. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக இருக்கிறது. அதில் வரும் நிகழ்ச்சிகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். மசூரிலிருந்து வண்டி. பரோடாவில் விடுதி. சாலிஸ்காவ்வில் குதிரை வண்டி. தௌலதாபாத்தில் கோட்டை. பாதிக்கு மேல் பயணக் கதை. தன்னுடைய வாழ்க்கையிலிருந்து தீண்டாமைக்குச் சாட்சி தேடியவருக்குக் கையில் கிடைத்தவை பெரும்பாலும் வழியில் நடந்தவை. ஏன் இப்படி என்பதைச் சமூகவியல் மாணவர்கள் யோசிக்க வேண்டும். சேரிக்குள்ளேயே இருக்கிறவரை எல்லை எது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. நகரத் தொடங்கும்போதுதான் ஒவ்வொருவனும் வாய் திறந்து கேட்கிறான், நீ யார் என்று.

1913 ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. கொலம்பியாவில் மாணவர் விடுதி, நூலகம், ஒரே மேசையில் உணவு. 1915இல் எம்.ஏ., 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரை. அப்போது அவருக்கு வயது 25. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அந்தக் கட்டுரையில் சொன்னார். நூறு வருடம் கழிந்தும் நம் கல்யாணத் தரகர்கள் அதை நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பின் லண்டனில் பொருளாதாரப் பள்ளி, கிரேஸ் இன்னில் சட்டப்படிப்பு. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. உலகப்போர்க் காலம். அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

புத்தகங்கள் போனதை அவர் தாங்கிக்கொண்டார். பரோடாவில் நடந்ததுதான் மறக்கவில்லை.

ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வந்த அவருக்குத் தங்க இடமில்லை. ஐந்து ஆண்டு அமெரிக்காவும் ஐரோப்பாவும் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன்னிடமிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று அவர் எழுதுகிறார். ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் அது திரும்பி வந்தது. எங்கே போவது? இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதினால் ஏற்றுக்கொள்கிறேன் என்றான் காவலாள். நாளைக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் ஒரு சிறிய அறை, பக்கத்தில் உடைந்த நாற்காலிகளும் குப்பையும் கொட்டி வைத்த பெரிய கூடம், மின்விளக்கு கிடையாது, ஒரு அரிக்கேன் விளக்கு, வௌவால்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர் அந்த இருட்டில் புத்தகம் படித்துத் தனிமையை மறக்கப் பார்த்தார். பதினோராவது நாள் காலை கையில் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து நின்றார்கள். நீ யார்? விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய். மாலைக்குள் காலி செய்.

அதன் பின் இரண்டு நண்பர்களிடம் போகிறார். ஒருவர் இந்து: நீ என் வீட்டுக்கு வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் கிறித்தவர், பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்: மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்கிறார். அந்தப் பதிலின் பொருள் அம்பேத்கருக்குப் புரிந்தது. இரவு ஒன்பது மணிக்குத்தான் பம்பாய் ரயில். அதுவரை நகரத்தின் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். நியூயார்க்கையும் லண்டனையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரில் உட்காரக் கிடைத்தது பூங்கா மட்டும்தான். பூங்காவில் யாரும் பெயர் கேட்பதில்லை. இந்து, பார்சி, கிறித்தவர் என்று மூவர் வீட்டு வாசலும் ஒரே நாளில் சாத்தப்பட்டதை அவர் கணக்கில் வைத்துக்கொண்டார்.

தௌலதாபாத்தில் நான்காவது வாசல். 1934இல் தோழர்கள் முப்பது பேரோடு எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பியவர்கள் வழியில் கோட்டைக்குப் போனார்கள். தூசி படிந்த முகத்தை வாசலில் இருந்த தண்ணீரில் கழுவினார்கள். ஒரு முதியவர் தண்ணீர் தீட்டாகிவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். முஸ்லிம் முதியவர். உங்கள் மதம் இதைத்தான் சொல்லித் தருகிறதா, ஒரு தீண்டத்தகாதவன் முஸ்லிமாக மாறினால் அவனையும் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்டார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் கூடவே வர, கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு வேன் பிடித்து நாக்பூர் தீட்சா பூமிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தௌலதாபாத்துக்கும் போனோம். நுழைவுச்சீட்டு வாங்கினோம். வழிகாட்டியாக வந்தவர் துக்ளக் தலைநகரை மாற்றிய கதையை ஒரு மணி நேரம் சுவையாகச் சொன்னார். எங்களோடு வந்த தங்கை ஒருத்தி, அப்போது பிளஸ் டூ படித்தவள், வாசலிலேயே நின்று பாட்டில் தண்ணீரை எடுத்து முகம் கழுவினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று வழிகாட்டிக்குப் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை.

இப்போது நம் ஊர்ப் பயணி ஒருவரிடம் வருவோம். இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்த காலத்தில், தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மற்ற மாணவர்களோடு கலக்காமல் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே ஒதுங்கி நின்றதை 1939இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் சொல்கிறார். 1891இல் பறையர் மகாஜன சபை, 1893இல் 'பறையன்' பத்திரிகை. ஒளித்து வைத்த பெயரையே பத்திரிகைக்குப் பெயராக வைத்த மனிதர். 1900இல் லண்டனுக்குப் போய் ஆட்சியாளர்களிடம் நேரில் முறையிடலாம் என்று கிளம்பினார். போய்ச் சேர்ந்த இடம் தென்னாப்பிரிக்கா. அங்கேயே அரசு வேலையில் சேர்ந்து, ஏறத்தாழ இருபது வருடம் தங்கிவிட்டார். ட்ரூரோ கப்பல் கரை சேர்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த நாடு அது.

1920களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பினார். 1923இல் சட்டசபை உறுப்பினரானார். உலகம் கண்டு திரும்பியவர் அவையில் என்ன பேசியிருப்பார்? 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது இடம், அலுவலகம் எதையும் பயன்படுத்தலாம், தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாகவும் வந்தது. தமிழில் எழுதப்பட்ட எல்லாப் பயண நூல்களையும் ஒரு தட்டிலும் இந்த அரசாணையை இன்னொரு தட்டிலும் வைத்தால் எங்களுக்கு எது கனம் என்று சொல்லத் தேவையில்லை. கடல் கடந்து போய் இருபது வருடம் வாழ்ந்தவருக்குத் திரும்பி வந்தபின் கேட்க வேண்டியிருந்தது தெருவில் நடக்கும் உரிமை.

அந்த அரசாணையோடு அவருடைய பயணம் நிற்கவில்லை. முன்பு போக நினைத்த லண்டனுக்கு 1930இல்தான் போனார். வட்டமேசை மாநாட்டுக்கு, அம்பேத்கரோடு. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தொட்டிருந்தது. மன்னர் கைகுலுக்க வந்தபோது 'நான் தீண்டத்தகாதவன்' என்று சொல்லித் தயங்கி நின்று, தீண்டாமை என்னவென்று மன்னருக்கே விளங்க வைத்தார் என்றொரு செய்தி நம்மிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதை அடிமைத்தனம் என்று சிலர் எழுதினார்கள். அவர் செய்தது நாடகம். அதுவும் மிகச் சரியான மேடையில். கோயம்புத்தூர்ப் பள்ளி வாசலில் எதை மறைத்தாரோ அதை அரண்மனையில் தானே முன்வைத்தார்.

அயோத்திதாசரின் பயணம் இவற்றை விடச் சிறியது. 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு போனார். வித்தியோதயப் பிரிவேனாவின் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம். ஆனால் அந்தச் சங்கம் பயணம் போனதைப் பாருங்கள். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், டர்பன். 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னைச் சுரங்கத் தொழிலாளர்களும் கப்பலேறிப் போனவர்களும் வரவழைத்துப் படித்தார்கள். கூலியாகப் போனவர்களின் வழியிலேயே ஒரு சிந்தனையும் போனது. அதை அஞ்சல் செலவு கட்டி அனுப்பியவர்களும் வாங்கியவர்களும் நம் ஆட்கள். அம்பேத்கரும் பிற்காலத்தில் இதே திசையில்தான் போனார்: 1950இல் கண்டி, 1954இல் ரங்கூன், 1956 நவம்பரில் காட்மாண்டு. நவம்பர் 20 அன்று காட்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். இளமையில் மேற்கே போனவர் கடைசியில் போனதெல்லாம் பௌத்தம் உயிரோடு இருந்த பக்கத்து நாடுகளுக்கு.

எதிர்த்திசைப் பயணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதோரின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிரதமரோடு விருந்து உண்டவரை இப்படிச் சொன்னால்? பிறகு தன் நாட்டில் தன் மக்கள் இருக்கும் நிலையை யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டதாக 1965இல் தன் திருச்சபையில் சொன்னார். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஆயிரம் பேர். இந்தியாவுக்கு வந்து தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டு போன பயணி இவர். அதைக் கற்றுத் தந்தவர் ஒரு சேரிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்.

அதே பாதையில் அம்பேத்கர் 1946இல் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார், ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் அந்த மாதமே பதில் போட்டார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்கு தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்ததும் அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். இந்தத் தொடர்பை விரித்தால் தனி உரையாகிவிடும்.

2001. ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை இனவாதத்துக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு. நடந்த இடம் டர்பன். ஆமாம், ட்ரூரோ கப்பல் கரை தொட்ட அதே டர்பன். இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயற்பாட்டாளர்கள் போனார்கள். ஜப்பானின் புராக்குமின் மக்கள், 1922இலேயே சமத்துவ இயக்கம் கட்டியவர்கள், அவர்களோடு நின்றார்கள். சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விஷயம் என்றது இந்திய அரசு. இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. ஆனாலும் அடுத்த வருடமே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. ஒரு காலத்தில் கடல் தாண்டினால் போய்விடும் என்று பயந்தார்களே, அந்தச் சாதி இப்போது விமானத்தில் பத்திரமாகப் போய் இறங்குகிறது.

தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருகிறோம்.

அந்த டர்பன் மாநாட்டுக்கு நம் தோழரும் போவதாக இருந்தது. பயணச் செலவுக்கு நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, விண்ணப்பித்தார். விசாரணையில் கோப்பு நின்றுவிட்டது. அவர் மேல் ஒரு வழக்கு இருந்தது. 1998இல் அவர் ஊர் சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் ஒரு கிழவியின் பாடையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வயலுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தது. மறுவாரம் அவர் தலைமையில் சாலை மறியல். பாதையை மறித்தவர்கள் மேல் வழக்கில்லை. பாதை கேட்டு சாலையை மறித்தவர்கள் மேல் வழக்கு. அந்த வழக்குதான் பாஸ்போர்ட்டை நிறுத்தியது. கடைசியில் பாஸ்போர்ட் வந்தது, மாநாடு முடிந்து ஐந்து மாதம் கழித்து.

நாங்கள் அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். 'நாளைக்குப் போய்க்கலாம் விடுங்க' என்றார். நந்தன் கதையை நினைத்துத்தான் சொன்னாரா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவர் இறந்தபின் அவர் பெட்டியைத் திறந்தோம். துண்டறிக்கைகள், மனு நகல்கள், வழக்குக் கட்டு, இரட்டைமலை சீனிவாசனின் ஜீவிய சரித்திரச் சுருக்கம், அதற்குள் அந்தப் பாஸ்போர்ட். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. காலம் முடிந்து பல வருடமாகியிருந்தது. வழக்குக் கட்டில் கடைசித் தாள் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு நகல், எல்லோரும் விடுதலை. சுடுகாட்டுப் பாதை இன்னும் பட்டா நிலமாகவே இருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் நாங்கள் வயலுக்குள் இறங்கித்தான் போனோம். அது அறுப்பு முடிந்த காலம், தண்ணீர் இல்லை.